ஷெரினின் தாய்மார்கள்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் படரவிட்டிருக்கிற திராட்சைக் கொடியில் கவாத்து தெரியாத யாரோ கை வைத்திருக்கிறார், மேடம். கணுவை ஒட்டியே வெட்டிவிட்டார். இந்த வருஷம் இலை வரும், காய் வராது. உள்ளே வரும்போதே கண்ணில் பட்டது. மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் வியாகுலமேரி, ஊர் ஓடைப்பட்டி. மிக்கேல் சகோதரிகள் சபையை ஆரம்பித்தது நான்தான். மிக்கேல் அதிதூதர் கையில் வாள் இருக்கும், எங்கள் இடுப்பில் கவாத்துக் கத்தரி இருக்கும். பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டு வாசலில் காப்பிக் கலர் சேலையோடு நாங்கள் போய்ச் சும்மா உட்கார்ந்தாலே அவனுக்குப் போதை தெளிந்துவிடும். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஜனங்கள் என்னைப் புனிதை என்றார்கள். போலீஸ்காரர் வீட்டுப் பெண்களும் என் காலில் விழுந்திருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட அந்தத் தலைப்பட்டையை ஒரு கம்பெனி கொண்டுவந்தது. கவாத்துக்கு ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர்கள் திண்டாடிய சமயம் அது. கைதேர்ந்த ஒருத்தியின் தலையில் பட்டையை மாட்டி அவள் கைப்பழக்கத்தை எடுப்பார்கள். பிறகு அதை இன்னொருத்தி தலையில் ஏற்றுவார்கள். நேற்றுவரை கத்தரியே பிடிக்காதவள் மறுநாள் பந்தலுக்கடியில் நின்று காலமெல்லாம் பழகியவளைப் போல வெட்டுவாள். என் கைப்பழக்கத்தைத்தான் எடுத்தார்கள். அதில் தப்பில்லை. என் மகளை அடக்கம் செய்த வாரத்தில் எடுத்தார்களே, அதுதான் தப்பு. ஆனால் கவாத்துப் பருவம் துக்கவீட்டுக்காகக் காத்திருக்காது. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வைகுண்டராஜ் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் என் மகள் ஷெரின் வேலைக்குப் போனாள். பிஞ்சுக் கொத்துகளை ஒவ்வொன்றாக மருந்துக் கிண்ணத்தில் முக்கி எடுக்கிற வேலை, நாளெல்லாம் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். பூச்சி இறங்கிவிட்டது என்கிற அவசரத்தில், பெண்கள் பந்தலுக்குள் நிற்கும்போதே அவர் விசை ஸ்பிரேயரை ஓட்டச் சொல்லிவிட்டார். என் பிள்ளை அங்கேயே விழுந்தாள். காதல் விவகாரம், பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்று அவர் சொன்னார். கேஸ் அப்படியே முடிந்தது. அவள் செத்ததைக்கூட ஆண்டவர் சித்தம் என்று விழுங்கியிருப்பேன். செத்தவள் மேல் பழி போட்டதை விழுங்க முடியவில்லை. அவர் வாயால், ஊர் கேட்க, உண்மை வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பட்டை மாட்டிய முதல் பெண் போடியிலிருந்து வந்த ஷீபா. புருஷனிடம் சூடு வாங்கிக்கொண்டு கைக்குழந்தையோடு ஓடிவந்தவள். மறுநாள் சாயங்காலம் என்னிடம் வந்து நின்றாள்.

"ஆத்தா, ஷெரினுக்குப் பசிக்குமேன்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. ஷெரின் யாரு ஆத்தா?"

அவள் என் மகளைப் பார்த்ததே இல்லை. கைப்பழக்கத்தோடு என் துக்கமும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. அன்றைக்குத்தான், அடக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக, எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது. அவளுக்குப் போனது என்னிடம் குறைந்திருந்தது.

கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது பட்டையை நான் வாங்கிக்கொண்டேன். கன்னியாஸ்திரிகள் சபையில் சேரும்போது வார்த்தைப்பாடு கொடுப்பார்களல்லவா, எங்களுக்குப் பட்டைதான் வார்த்தைப்பாடு. சேர வந்த பிள்ளைகளிடம், மாட்டினால் மனபலம் வரும் என்றேன். பொய்யில்லை, வந்தது. ஒவ்வொருத்தி மாட்டும்போதும் என் பாரம் இறங்கியது. என் கோபத்தையும் அவர்களே சுமந்தார்கள். வைகுண்டராஜ் பெயரைக் கேட்டாலே கத்தரிக்குக் கை போகும். ஷீபாவின் குழந்தை அழுதால், ஷெரின் அழுகிறாள் என்றுதான் அவள் எழுந்து ஓடுவாள். போகப் போக, பார்த்தே இராத ஷெரினின் முக அடையாளத்தை அச்சாகச் சொல்லித் தோட்டத்தையெல்லாம் தேடிவிட்டு வருவாள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அழுதபடியே கிடக்கும். பட்டை மாட்டிய இன்னொருத்தி, ஞானசெல்வி, கிணற்றில் விழுந்தாள். மகளைப் பறிகொடுத்த துக்கம் தாங்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. நல்ல பிள்ளை. அடக்கத்துக்கு நான்தான் முன்னால் நின்றேன். சபையென்றால் ஒன்றிரண்டு இழப்பு இருக்கத்தான் செய்யும்.

இந்த வருஷத் திருவிழாவில் மிக்கேல் அதிதூதர் சப்பரத்தை நாங்கள் தூக்குகிறோம் என்று கேட்டோம். புனிதையிடம் யார் மறுப்பார்கள்? வைகுண்டராஜ் வேறு சாமி கும்பிடுகிறவர்தான், ஆனாலும் வருஷந்தவறாமல் தன் கமிஷன் கடை வாசலில் சப்பரத்துக்கு மாலை போட்டு உப்பும் மிளகும் வீசுவார். அன்றும் பொழுது சாய்கிற நேரத்தில் மாலையோடு வெளியே வந்தார். நாங்கள் சப்பரத்தை அங்கேயே இறக்கி வைத்தோம். கொட்டு நின்றது. கத்தரிகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஊர் ஜனம் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கை கூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தது. ஷீபா மைக்கை அவரிடம் நீட்டினாள். கத்தரிகளைப் பார்த்துவிட்டு மனுஷன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நாந்தான் மிஷின ஓட்டச் சொன்னேன். பொம்பளைக உள்ள நிக்கிறது தெரியும். அந்தப் பிள்ள மருந்தக் குடிக்கல."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளைகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள், "எம் மக, எம் மக" என்று. அவர் சொன்னதும் எனக்கும் அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. அந்த ஆள் மேல் கோபம்கூட வரவில்லை. யாரோ எவரோ போல நின்றார். என் மகளுக்காக ஊரார் வீட்டுப் பிள்ளைகள் அழுவதைப் பார்க்க வயிறெரிந்தது. ஷீபா என் முகத்தைப் பார்த்தாள். போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் உயிர் போனாலாவது எனக்கு ஏதாவது வரும் என்று பட்டது.

வெட்டுங்கடி என்றேன்.

சுத்தமாக வெட்டினார்கள். என் கையிலிருந்து போன பழக்கந்தானே.

ஆகவே, மேடம், இதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என் சொல்லைத்தான் செய்தார்கள். நானும் எனக்காக எதையும் செய்யவில்லை. எல்லாமே என் மகளுக்காகச் செய்தது. பெற்ற மனசு உங்களுக்குத் தெரியாததா?

இது என்ன போட்டோ? கொத்து முக்கப் போன பெண்கள் வரிசையாக நிற்கிறார்களே. இதில் ஷெரின் யார் என்றா கேட்கிறீர்கள்?

ஷீபாவைக் கூப்பிடுங்கள், மேடம். அவள் காட்டுவாள்.