ஆறாம் அறை விரிப்புகள் குறைந்தது பற்றி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்திரண்டு. முதியோர் இல்லத்துக்குப் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். அந்த இல்லத்தில் ஒன்பது வருடமாகத் துணி துவைக்கிறேன். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது, சோப்பக்கா என்றால்தான் தெரியும். ஆறாம் அறையில் இருந்த பெரியவர் இறந்தது சம்பந்தமாக அவருடைய மகள் கொடுத்த புகாரின் பேரில் இன்று போலீஸ் அதிகாரி என்னை விசாரித்ததில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து நடக்க முடியாது, ஆனால் வாய் ஓயாது. அழுக்குத்துணி வண்டியை நான் தள்ளும்போதெல்லாம் "ரைட், ரைட், போலாம்" என்பார். "டிக்கெட் எடுத்தியா சோப்பக்கா?" என்பார். "ஸ்டாஃபுக்கு ஏதுங்க ஐயா டிக்கெட்?" என்பேன். தினமும் இதே பேச்சுதான், தினமும் சிரிப்பார்.

அவருக்குச் சிறுநீர் அடங்காது. ஒரு நாளைக்கு நாலு, ஐந்து படுக்கை விரிப்பு நனைந்து வரும். போன மாதம் இரண்டு மிஷினில் ஒன்று பழுதாகி, நான் மூன்று முறை சொல்லியும் மேலாளர் காதில் போட்டுக்கொள்ளாததால், அதன் பிறகு பாதித் துணியைக் கையால் கசக்கிப் பிழிந்தேன். விரல் இடுக்கெல்லாம் புண். ஆத்திரம் தாங்காமல், வரவேற்பு மேஜையில் இருக்கும் புகார் புத்தகத்தில், "ஆறாம் அறையிலிருந்து விரிப்பு அதிகமாக வருகிறது. ஒரு மிஷினை வைத்துக்கொண்டு என்னால் முடியாது. ஏதாவது செய்யவும்" என்று எழுதினேன். மிஷினைச் சரிசெய்வார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அதன் பிறகு நாலாம் நாள் மூன்று விரிப்பு வந்தது, மறுநாள் இரண்டு, அதன் பிறகு ஒன்றே ஒன்று. மிஷின் அப்படியேதான் கிடந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆறாம் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், "நீ நல்லா இருக்கணும்மா, அப்படி என்ன மருந்து குடுத்த?" என்று கேட்டேன். அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வந்த ஒரு விரிப்பிலும் கறை உள்ளங்கை அகலம்தான், கடும் மஞ்சளாக, நாற்றம் தூக்கியது. ப்ளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போட்டேன். வேறு எதுவும் யோசிக்கவில்லை.

நான் எழுதிய பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு, துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து, மடித்த விரிப்புகளை வைக்க ஆறாம் அறைக்குப் போனேன். என் ஏப்ரன் ஈரமாக இருந்தது. தண்ணீர் ஜக்கை அலமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெரியவருக்கு உதடு வெடித்திருந்தது, பேச்சு வரவில்லை. நான் குனிந்து தலையணையைச் சரிசெய்தபோது ஏப்ரன் நுனியைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினார். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். "விடுங்க ஐயா, சோப்புத் தண்ணி அது" என்று பிடுங்கிக்கொண்டேன். வண்டியைத் தள்ளினேன். அவர் ரைட் சொல்லவில்லை. அதற்கு இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

அதன் பிறகு பார்த்துக்கொள்ளும் பெண் துவைக்கும் அறைக்கு வந்து, மாத்திரைக்கு அரை டம்ளர் தவிரத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்ததாகச் சொல்லி அழுதாள். அதன் பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அவரே தண்ணி வேணாம்னுட்டாருன்னு சொல்லுங்க சோப்பக்கா. இந்த வயசுல வேற எங்க வேலை கிடைக்கும் உங்களுக்கு?" என்றார். பெரியவர் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை போனால் போகட்டும்.

இன்று அதிகாரி அந்தப் புகார் புத்தகத்தைக் காட்டினார். "அப்பா தாகம் என்கிறார், ஜக்கில் தண்ணீர் இல்லை" என்று மகள் மூன்று முறை எழுதியிருக்கிறார். அவற்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை. நான் எழுதியதற்கு எதிரே மட்டும் சிவப்பு மையில், "நடவடிக்கை எடுக்கப்பட்டது. விரிப்பு குறைந்துள்ளது" என்று எழுதி மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யார் மிரட்டலுக்கும் பயந்து சொல்லவில்லை, எல்லாம் உண்மை. கையெழுத்துப் போடும் முன், என் புகாரை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

(கையெழுத்து)