காற்றுத் துளை

இல்லை சார், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் மாற்றச் சொல்வது உங்கள் விசாரணை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான். அதற்கு முன் உங்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது. புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தாலே போதும், நீங்கள் அதைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான மனிதர்கள் இப்படித்தான். ஓடாததைத் தட்டுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் அமுக்குவார்கள்.

அந்த வரியை நானே படிக்கிறேன். 'கோளாறான டப்பாவிலிருந்து பெட்ரோல் சிந்தியதால் ஏற்பட்ட விபத்து.' விபத்து என்ற சொல்லைப் பிறகு பார்க்கலாம். கோளாறு என்பதோடுதான் எனக்குத் தகராறு.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சில மோட்டார் சைக்கிள்களில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே சீராக மூச்சு விட வேண்டும், அதைச் சரிசெய்வதுதான் ட்யூனிங். கார்புரேட்டருக்குக் கை போக வேண்டுமென்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்ற வேண்டும். டேங்க் இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஓடாத எஞ்சினை ட்யூன் செய்ய முடியாது. ஆகவே அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு சின்ன டேங்க், மேலே தொங்குகிற மாதிரி வேண்டும். மற்ற பட்டறைகளில் இதற்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், ஷாம்பூ பாட்டில். ஒருவன் பிள்ளையின் பால் புட்டியைத் தொங்கவிட்டிருந்தான். கேட்டால் பிள்ளை வளர்ந்துவிட்டதாம்.

நான் எட்டு மாதம் செலவழித்தேன். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வருமே, அந்த வெள்ளை டப்பா. பெட்ரோல் அதை அரிக்காது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வெளியிலிருந்தே நிழல் மாதிரி தெரியும். வாயில் பழைய மொபெட்டின் பித்தளை டேப், பெட்ரோலைத் திறக்கவும் மூடவும். தலைகீழாகத் தொங்கும்போது டப்பாவின் அடிப்பக்கம் மேலே வருகிறதல்லவா, அங்கே ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் நின்றுவிடும். எட்டு மாதத்தில் ஆறு மாதம் அந்தத் துளைக்கே போனது. மூடிய ஜன்னலின் சந்து வழியாக ஒரு கோடு வெளிச்சம் வருமே, அந்த அளவுதான் காற்று வரும். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்றைத்தான் நீங்கள் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள்.

என்னோடு பட்டறையில் இருந்தவன் என் தங்கையின் கணவன். முறைப்படி நான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன், நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். நான் கூப்பிட்டதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் மாப்பிள்ளை என்றார்கள். பிறகு தெருவே. எல்லா வீட்டிலும் பெண் எடுத்தவன் மாதிரி அவனும் திரும்பிப் பார்ப்பான். நன்றாகப் பேசுவான், நன்றாகச் சிரிப்பான். வேலை சுமார். உலகத்துக்கு அந்த வரிசைதான் பிடித்திருக்கிறது.

டப்பாவை முதல்முதலாகக் கொக்கியில் மாட்டிய அன்று அவன் கேட்டான், "என்ன மச்சான், வண்டிக்கு ட்ரிப்ஸ் ஏத்துறீங்களா? பேஷண்டுக்கு நாடி இருக்கா?"

நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அதன் பெயர் மாப்பிள்ளை ட்ரிப்ஸ். எட்டு மாதம் என்னுடையது, நாலு வார்த்தை அவனுடையது. பெயர் யாருக்குப் போனது, பாருங்கள். எனக்குப் பேராசையும் கிடையாது, பெயராசையும் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

மோட்டார் சைக்கிள் பற்றி வீடியோ போடுகிற ஒரு பெண் வந்தாள். டப்பாவைக் காட்டி, "இது யாரோட ஐடியா?" என்று கேட்டாள்.

"நாங்க யோசிச்சதுதாங்க," என்றான். நாங்க. அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். அவன் என்னை ஒளித்துவைத்தான். பிறகு திரும்பிக் கூப்பிடவும் செய்தான். "மச்சான், கொஞ்சம் இங்க வாங்க. நீங்களே சொல்லுங்க, எனக்கு அந்தத் துளை விஷயம் சரியா சொல்ல வராது."

"எனக்கு வேலை இருக்கு. நீங்களே பேசுங்க மாப்பிள்ளை."

கேமரா முன்னால் பல்லைக் காட்டுவது எனக்கு ஆகாது. கூப்பிட்டவுடன் போய் நிற்பேன் என்று அவன் நினைத்ததே அவமரியாதை. அந்த வீடியோவில் என் முதுகு நான்கு நொடி வருகிறது. எண்ணவில்லை, தோராயமாகச் சொல்கிறேன்.

இப்போது அவனுடைய பழக்கத்துக்கு வருகிறேன். எஞ்சின் சத்தம் லேசாக இறங்கினால் போதும், டப்பாவைப் பிடித்து அமுக்குவான். மாட்டு மடியைப் பிடிக்கிற மாதிரி. எதற்கு? எதற்குமில்லை, கை சும்மா இருக்காது. "அமுக்காதீங்க மாப்பிள்ளை, கார்புரேட்டர் நிரம்பி வெளியே கொட்டும், கீழே சூடு," என்று குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருக்கிறேன். "சரி மச்சான், சரி மச்சான்," என்பான். மறுநாள் அமுக்குவான். காற்று போகும் வழி திறந்திருந்ததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய முட்டாள்தனத்தை ஒவ்வொரு நாளும் என் துளைதான் காப்பாற்றியது. அது அவனுக்குத் தெரியவே இல்லை. ஒருவனுக்கு ஒன்று தெரியவில்லையென்றால் அதைத் தெரியவைப்பதுதானே முறை?

அன்று காலை நான் சீக்கிரம் போய்ப் பட்டறையைப் பெருக்கினேன். ஷட்டர் ஓரத்தில் இருக்கும் மணல் வாளியைப் பின்கட்டுக்கு நகர்த்திவிட்டுப் பெருக்கினேன். பிறகு கை கழுவினேன். கழுவுகிற இடத்தில் சோப்பு இருந்தது. ஒழுகுகிற டேங்கில் சோப்பைத் தேய்த்து அடைப்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த கை வைத்தியம். பெட்ரோலுக்குச் சோப்பு கரையாது. துளையின் மேல் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு உடற்பயிற்சி ஆசிரியர் தன் இரட்டை சிலிண்டர் வண்டியோடு வந்தார். எங்கே போனாலும் மைதானத்தில் நிற்பது மாதிரியே பேசுவார். "மாப்ள, ட்ரிப்ஸ் போட்டாச்சா? டிஸ்சார்ஜ் எப்ப?"

"அவசரப்பட்டா தையல் பிரிஞ்சிடும் சார்," என்றான் இவன். இருவரும் சிரித்தார்கள். நான் கேஸ்கெட் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். ஆசிரியரைத் புதுத் தலைக்கவசம் பார்க்கலாம் என்ற சாக்கில் வெளியே அழைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. உதிரிபாகக் கடை எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. அங்கிருந்து பட்டறை நன்றாகத் தெரியும்.

எஞ்சின் கொஞ்ச நேரம் அழகாக ஓடியது. பிறகு சத்தம் மெலிந்தது, பெட்ரோல் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவன் டேப்பைத் திருகிப் பார்க்கலாம். மேலே துளையைப் பார்க்கலாம். ஆறு மாதம் அவன் கண் முன்னால்தான் அந்தத் துளையைப் போட்டேன். ஒரு விநாடி அவன் மேலே பார்த்தான் என்றுகூட நினைக்கிறேன். பார்த்துவிட்டு இரண்டு கையாலும் அமுக்கினான். எஞ்சின் ஒருமுறை இருமியது.

நெருப்புக்குப் பகலில் நிறம் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் வெயில் அவன் சட்டையில் மட்டும் கொஞ்சம் அதிகமாக விழுந்த மாதிரி இருந்தது. அவன் ஷட்டர் ஓரத்துக்கு ஓடினான். வாளி இருக்கும் இடத்துக்கு. அங்கே நின்று கீழே பார்த்தான், பெருக்கிய தரையை. நான் கேஸ்கெட்டுக்குச் சரியான சில்லறை கொடுத்துவிட்டுத்தான் ஓடினேன்.

மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தான். தலைமாட்டில் நிஜமான ட்ரிப்ஸ். அவன் அதைப் பார்த்துச் சிரிக்க முயன்றான் என்று தங்கை சொன்னாள். நான் பார்க்கப் போனபோது உதடு மட்டும் கட்டுக்கு வெளியே இருந்தது. "மச்சான், அமுக்கிட்டேன். நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல. உங்க டப்பா வீணாப் போச்சே." உங்க டப்பா என்றான். ஐந்து வருடத்தில் அவன் பேசிய உருப்படியான வாக்கியம் அதுதான், அதையும் கேமரா இல்லாத இடத்தில் சொன்னான். உங்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறான், தவறு தன்னுடையது என்று. என் தங்கை என் தோளில் சாய்ந்து, "அண்ணா, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டுப் போனாரு," என்று அழுதாள். அவளும் அவனைப் போலத்தான். மேலே பார்ப்பாள், துளை தெரியாது.

நீங்கள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. வழக்கை முடித்து, கட்டி, அலமாரியில் வைத்துவிட்டீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நேற்று தங்கைக்குக் கொடுத்த நகலில் அந்த வரியைப் படித்தேன். உங்கள் நிபுணர் உருகிய பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, காற்றுத் துளையே இல்லாமல் செய்யப்பட்ட கோளாறான டப்பா என்று எழுதியிருக்கிறார். துளையே இல்லாமல். அவரும் அமுக்குகிற ஜாதிதான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். துளை இருந்தது. அதை நான் அடைத்தேன். அவன் அமுக்குவான் என்று தெரிந்து அடைத்தேன். ஓடினால் எங்கே ஓடுவான் என்று தெரிந்து வாளியை எடுத்தேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். அவனைக் கொன்றது நான், டப்பா அல்ல. அதில் ஒரு குறையும் கிடையாது.

எந்தப் பக்கத்தில் சொல்கிறீர்களோ அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் அந்தப் பேனாவால் 'கோளாறான' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் யார் செய்த டப்பா என்று என் பெயரை எழுதிக் காட்டுகிறீர்களா?