சம்பந்தி வீட்டுச் சால்மன்

...இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க, படகு என் சம்பந்தியோடது, கடல் அவரு ஊருக் கடல், மீனு அவரு ஊரு மீனு. மீன் புடிக்கிற திட்டம் மட்டும் பினாங்குல இருக்கிற நான் போடணுமாம்! இது எந்த ஊரு நியாயம்லா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க... தூண்டில மடியில வச்சிக்குங்க, பரவால்ல, இடம் இருக்கு. ஃபெரி இப்பத்தான கெளம்புது, பட்டர்வொர்த் போய்ச் சேர்றதுக்குள்ள சுருக்கமாச் சொல்லி முடிச்சிருவேன்.

என் பேரு பேட்ரிக். துறைமுக ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம் கிராணி, கணக்கு எழுதுற வேல. எதையும் வரிசப்படுத்திச் சொல்லித்தான் பழக்கம். முதலாவது, என் மக ஷேரன கனடாவுல கட்டிக் குடுத்திருக்கு, வான்கூவர் தீவுல. சம்பந்தி பேரு பெஞ்சமின். யாழ்ப்பாணத்து ஆளு. தங்கமான மனுசன். நாம எதச் சொன்னாலும் "அண்ணை சொன்னாச் சரிதான்"னு அப்படியே நம்பிருவாரு. அதான் தம்பி ஆபத்தே! சண்ட போடுற சம்பந்தின்னா சமாளிச்சிரலாம். நம்புற சம்பந்திய வச்சிக்கிட்டு என்ன செய்யிறது?

ஆகஸ்ட் கடைசியில பேரனுக்கு ஞானஸ்நானம். நானும் மார்த்தாவும் போறோம். மார்த்தா என் சம்சாரம்... போனமா, கோயில்ல நின்னமா, புள்ளயத் தூக்கி முத்தம் குடுத்தமான்னு இருக்கலாம்ல? விருந்துக்கு முப்பது பேரக் கூப்பிட்டிருக்காரு. சாப்பாடு என்னான்னா, சால்மன். கடையில வாங்குற சால்மன் இல்ல தம்பி. "பினாங்குத் தாத்தா தன் கையால் பிடித்த சால்மன்." அழைப்பிதழ்லயே அச்சடிச்சிட்டாரு! பேரனோட பேரு சின்னதா இருக்கு, என் மீனு பெருசா இருக்கு.

சரி, ரெண்டாவது. அங்க மீனு நெறைய நேரம் ஆழத்துல கெடக்கும். அதுக்குன்னு ஒரு சாமான் இருக்கு, டவுன்ரிகர்னு. படகு ஓரத்துல மாட்டுற கப்பி. கம்பி நுனியில இத்தாம் பெரிய இரும்புக் குண்டு. அது நம்ம தூண்டில் கயித்த இழுத்துக்கிட்டு அடியில போயிரும், மீனு கடிச்சதும் கயிறு தானா விடுபட்டுரும். அந்தச் சாமான் இப்ப படகுல இல்ல. ஏன் இல்லங்கிறத அப்புறம் சொல்றேன். அது பெரிய கத.

இல்லாமப் புடிக்க முடியாதான்னா, முடியும்! மூணு வாரமா வீடியோ பாத்து நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சிருக்கேன். ஆகஸ்ட் கடைசியில மீனு ஆத்துக்குப் போறதுக்குக் கரையோரமா வரும். அப்ப ஆழம் தேட வேண்டாம், நாம கரைய ஒட்டி நின்னாப் போதும். விடியக் காலையிலயும் பொழுது சாயிறப்பவும் தண்ணி மேல்மட்டத்துக்கு வரும். தண்ணி ஏறி நின்னு எறங்கத் தொடங்குற நேரம் ரொம்ப முக்கியம். கயித்துல ஈயக்கட்டி கட்டி, ஹெரிங்னு ஒரு சின்ன மீன வெட்டிக் கோத்து, மெதுவா எறக்கி மெதுவாத் தூக்கணும். இல்லன்னா கரண்டி மாதிரி மின்னுற தகட்ட வீசி இழுக்கணும். கயித்த இழுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள தானா முங்குற ஒரு பிளாஸ்டிக் தட்டு கூட இருக்காம். லைசன்ஸ் எடுக்கணும், ஒரு ஆளு இத்தன மீனுதான்னு கணக்கு இருக்கு. எல்லாம் எழுதியாச்சு தம்பி, கோடு போட்டு, செவப்பு மையில தலைப்பு வச்சு. எழுத்துல நான் கெட்டிக்காரன். தண்ணியிலதான்...

மூணாவது... மூணாவது என்னா? ஆங், மார்த்தா! எல்லாத்துக்கும் இந்தப் பொம்பளதான் காரணம். கல்யாணப் பேச்சப்பவே ஆரம்பிச்சிட்டா. "எங்க வீட்டுக்காரரு வெள்ளிக்கெழம தவறாம மீன் புடிச்சிட்டு வருவாருங்க. கடைப் பக்கமே போனதில்ல." யாரு கேட்டா இவள? வெள்ளிக்கெழம நாங்க கறி சாப்பிட மாட்டோம்லா, மீனுதான். அதப் பெருமையாச் சொல்லணும்னு சொல்லிட்டா. போட்டோ வேற அனுப்பிட்டா.

என்ன சிரிக்கிறீங்க? போட்டோ நெசந்தான். மீனும் நெசந்தான். கையும் என் கைதான்.

அது... ஒரு தவக்காலத்துல தொடங்கினது தம்பி. "நாப்பது நாளைக்கு எதையாவது விடுங்க"ன்னு மார்த்தா சொன்னா. நான் டிவியில பந்து பாக்குறத விடுறேன், வெள்ளிக்கெழம சாயங்காலம் மீன் புடிக்கப் போறேன்னு வாய விட்டுட்டேன். மொத நாளு எஸ்பிளனேட் கடலோர மதில்ல நாலு மணி நேரம் உக்காந்தேன். நண்டு கூட எட்டிப் பாக்கல. வெறுங்கையோட வீட்டுக்குப் போறதான்னு பசாருக்குப் போயி, காமாரியா அக்கா கடையில ரெண்டு கெம்போங் மீனு, அதான் கானாங்கெளுத்தி, வாங்கினேன். ரெண்டே ரெண்டு! மார்த்தா கண்ணுல தண்ணி. "தவத்துக்குக் கெடச்ச பலன்"னு ஒண்ணப் பாதருக்குக் குடுத்தனுப்பிட்டா. பாதரு ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல சொல்றாரு தம்பி! அதுக்கு மேல நான் எப்படிலா உண்மையச் சொல்றது?

பதினோரு வருசம் ஆச்சு. என்னப் பாத்ததுமே காமாரியா அக்கா, கழுவாத, வெட்டாத மீனா எடுத்து வச்சிரும். நான் ஐஸ் கரையிற வரைக்கும் கடல் ஓரமா உக்காந்திருப்பேன். ஒரு வாட்டி சரியாக் கரையல. மீனு வாய்க்குள்ள ஐஸ் கட்டி. "ஏங்க, கடலு அவ்வளவு குளிரா?"ன்னு மார்த்தா கேட்டா. "இன்னைக்குக் கொஞ்சம் குளிருதான்"னேன். தல வலிக்குதுன்னு போயிப் படுத்துக்கிட்டேன்.

சரி, அந்தக் குண்டு கத. நீங்க கேக்கல, ஆனா முகத்துல கேக்குறீங்க. போன மாசம் வீடியோ கால்ல சம்பந்தி படகக் காட்டினாரு. ரெண்டு பக்கமும் டவுன்ரிகர், புத்தம் புதுசு, எனக்காகவே மாட்டினதாம். "அண்ணை, நீங்கள்தான் இதை இயக்கோணும்"ங்கிறாரு. நான் பாத்தேன்... பொத்தான் இருக்கு, பூட்டு இருக்கு, சுத்துற கைப்பிடி இருக்கு. என் கையில அதக் குடுத்தா மொத நிமிசத்துலயே குட்டு ஒடஞ்சிரும். அதனால... அதனால சிரிச்சிக்கிட்டே சொன்னேன்: "சம்பந்தி, இந்த மிசினெல்லாம் சின்னப் பசங்களுக்கு. பினாங்குக்காரனுக்குக் கையே போதும். கழட்டிப் போடுங்க."

கழட்டிட்டாரு தம்பி! அன்னைக்கே கழட்டி யாரோ வெள்ளக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, மறுநாளே விருந்துக்கு அழைப்பிதழ் அடிச்சிட்டாரு. "மிசின் இல்லாமப் பிடிக்கிற மனுசன் என்ர சம்பந்தி"ன்னு அந்தத் தீவு பூராச் சொல்லி வச்சிருக்காரு. நானே... ம்ம். நானேதான்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பட்டர்வொர்த்துல எனக்கு ஒரு வேலயும் இல்ல. படகுத் துறையில உங்க தூண்டிலப் பாத்தேன். பையில ஈயக்கட்டி தெரிஞ்சிச்சு. மீன் புடிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு பின்னாடியே ஏறிட்டேன். ஒரு நாளு கூட்டிட்டுப் போயிக் கத்துக் குடுத்தீங்கன்னா...

அய்யய்யோ, சம்பந்தி கூப்பிடுறாரு! வீடியோ கால்! தம்பி, அந்தத் தூண்டில ஒரு நிமிசம் குடுங்க... குடுங்கலா! கடலு பின்னாடி தெரியுதா? தொப்பி நேரா இருக்கா?

வணக்கம் சம்பந்தி! ஆமா, கடல்லதான் இருக்கேன்... பயிற்சிதான்... இன்னைக்கு இன்னும் ஒண்ணும் கடிக்கல, படகு வேகமாப் போவுதுல்ல, அதான்... யாரு? பக்கத்துலயா? இவரா? இவரு... நம்ம கூட்டாளி! பதினோரு வருசமா ஒண்ணாத்தான் மீன் புடிக்கிறோம்... ஆமா, இவருக்கும் மிசின் வேணாம்... என்னா? இவரையுமா? ஐயோ, எதுக்குச் சம்பந்தி சிரமம்... டிக்கெட் நீங்களே போட்டிருவீங்களா? இவரு மாட்டேன்னா சொல்லப் போறாரு! சந்தோசமா வருவாரு... சரிங்க. ஷேரன் கிட்டச் சொல்லுங்க. ஓகே, ஓகே, ஒண்ணு கடிக்கிற மாதிரி இருக்கு, வச்சிர்றேன்!

...அப்பாடா. எறங்குற எடம் வந்திருச்சு. இந்தாங்க தூண்டில்.

தம்பி? எங்க இப்படி ஓடுறீங்க, கதவே இன்னும் தொறக்கலியே! நில்லுங்க, ஒரே ஒரு கேள்விதான்...

பாஸ்போர்ட் இருக்கா?