சீர்ப் பொட்டி உருகாதுங்க மாமா

அதெப்படிங்க மாமா, வேணும்னே சொன்னேன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்க? ஒரு பக்கத்த மட்டும் கேட்டு எந்தக் கோர்ட்டுலயாச்சும் தீர்ப்பு சொல்லுவாங்களா? கார் கண்ணாடிய எறக்குங்க. பாதியாச்சும்... ம், கால்வாசி எறக்குனீங்களே, போதும். நீங்க பேச வேண்டாம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டே கேளுங்க. ரெண்டு பக்கத்துக்கும் நானே பேசிக்கறேன், எனக்கு அது பழக்கந்தானுங்க.

உள்ள என்ன நெலமைன்னு தெரியுங்களா? மாமன் சீர்ல வர்ற பொடவையக் கட்டாம மேடைக்கு வரமாட்டேன்னு ஷ்ரவ்யாக்கா ரூம்ல சட்டமா உக்காந்துட்டா. பொடவை இருக்கற பொட்டி உங்க மடியில. நீங்க மண்டபத்து வாசல்ல, கார்ல. முகூர்த்தம் நெருங்குது. அம்மா என்னையப் பாத்து, "சைத்ரா, எந்தம்பியக் கூட்டிட்டு வராம உள்ள கால் வெக்காத"ன்னுட்டாங்க. பெத்த பொண்ணுகிட்டப் பேசற பேச்சுங்களா இது?

வரவேற்புல நின்ன நா, பொட்டியோட வந்த உங்களப் பாத்து அப்படி என்ன சொல்லிப்போட்டேன்? "ஐஸ்கிரீம் பொட்டிங்களா? சமையக்கட்டுப் பக்கமாக் கொண்டுபோங்க, உருகிப்போகும்." இவ்வளவுதானுங்க! இதுல மரியாதை கொறஞ்ச வார்த்தை ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். பொட்டிங்களான்னேன். கொண்டுபோங்கன்னேன். ஆளு ஆருன்னு தெரியாட்டியும் 'ங்க'வ உட்டனுங்களா?

ஐஸ்கிரீம்காரர மட்டும் 'வாங்க'ன்னு கேட்டு வரவேத்தயேங்கறீங்களா? கேட்டனுங்க. நெசமாலுமே கேட்டேன். பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து, "வாங்க மாமா, அத்தை வரலீங்களா"ன்னேன். உமர் பாரூக்காமா அவரு பேரு. அந்த மனுசன் அப்படியே உருகிப்போயி, "அவளுக்கு மூட்டு வலிங்க அம்மணி"ன்னாரு. நா என்னங்க பண்றது? அவரும் வெள்ள வேட்டி, நீங்களும் வெள்ள வேட்டி. ரெண்டு பேருக்கும் தொப்பை... கோவிச்சுக்காதீங்க, சாட்சியம்னா முழுசாச் சொல்லோணும். நாலடிக்கு அக்கட்ட நின்னா எனக்கு இன்னைக்கு எல்லாரும் மாவுல புடிச்ச பொம்மையாட்டத்தானுங்க தெரியறாங்க!

என்னையச் சொல்லாதீங்க, இந்த லென்ஸச் சொல்லுங்க. ஆர்.எஸ்.புரத்துல ஒரு கண்ணாடிக் கடை, பவரக் கம்மியாக் குடுத்துப்போட்டாங்க. போட்டோவுல கண்ணாடி மின்னும், அதனால லென்ஸ் போடலாம்னு ஆசப்பட்டது ஒரு குத்தமா? இன்னைக்குத்தான் மொத மொதல்ல போடறேன். பழைய கண்ணாடி வடவள்ளி ஊட்டுல மேசை மேல கெடக்குது. கல்யாணம் முடியட்டும், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறனா இல்லையான்னு பாருங்க. அவங்கள உடமாட்டேன்!

டெஸ்ட் பண்ணுலயான்னுதான கேக்க வாரீங்க? பண்ணுனாங்க. எனக்கு முன்னால அக்காளுக்குப் பாத்தாங்க. அவ போர்டுல இருக்கற எழுத்தையெல்லாம் சத்தமாப் படிச்சா. பின்னால உக்காந்திருந்த எனக்குக் கேட்டதுமே மனப்பாடம். ஞாபக சக்தி அப்படி, அதுக்கு நா என்ன பண்ணட்டும்? அப்பறம் என்னைய உக்கார வெச்சு, "கடைசி வரி தெரியுதுங்களா?"ங்கறாங்க. எம்.ஏ. வரைக்கும் ஒரு பரீட்சையில ஒரு கேள்விய உட்டவ இல்லீங்க நானு! தெரியலன்னு வாயில வருமா? கடகடன்னு கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சுப்போட்டேன்.

டெஸ்ட் பண்ணுன பொண்ணு பிரத்யுஷா என்ன சொல்றா... "மெசின் வேற நம்பர் காட்டுதுங்க, எதுக்கும் வேற போர்டுல ஒருக்கா பாத்தரலாங்க." நா உடுவனா? "படிக்கப் போறது மெசினா, நானா?"ன்னு கேட்டேன். "போன வருசத்துக்கு இந்த வருசம் கண்ணு நல்லாயிருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?"ன்னேன். கடைசியில நாஞ் சொன்ன கம்மிப் பவரத்தான் எழுத வெச்சேன்.

...ம்.

இல்லீங்க மாமா, இதுல அவ தப்பு என்னன்னா... எதுத்து நின்னிருக்கோணுமில்லீங்க? ஒருத்தி வந்து வாதாடுனா உடனே தோத்துப்போறதா? படிச்ச பொண்ணு!

தோளு குலுங்குதே, சிரிக்கறீங்களா? சிரிங்க சிரிங்க. அய்யோ, கண்ணு என்னமா உறுத்துது! இருங்க, சொட்டு மருந்து உட்டுக்கறேன். செத்த நேரம் கண்ண மூடிக்கோணும், மூடிக்கிட்டே பேசறேன். டக்குன்னு அதென்ன சத்தம்? கோவத்தக் காருமேல காட்டாதீங்க மாமா. நாங் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அக்கா கல்யாணம் பெருசா, நா 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்காதது பெருசா? என்னையப் பழி வாங்கறதுன்னா என் கல்யாணத்துக்கு வராதீங்க, அது நாயம். அவ என்ன பண்ணுனா, பாவம்?

சரி. சரீங்க. இத்தன பேசுனவ அந்த ஒரு வார்த்தைய இன்னுமே சொல்லல, அதான? சொல்லிப்போடறேன். தோத்துட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. கைகூப்பிட்டேன், நல்லாப் பாத்துக்குங்க. வாங்க மாமா. உள்ள வாங்க.

...

ஏனுங்க, கும்பிட்டுக் கூப்பிட்ட பொறகும் அசையாம உக்காந்திருந்தா எப்படி? மருந்து உட்டதுல எனக்கு இன்னும் கலங்கலாத் தெரியுது. கதவத் தொறந்து கையப் புடிச்சே கூட்டிட்டுப் போறேன், எந்திரிங்...

அட! இது சீட்டுல போட்ட வெள்ளத் துண்டு! பொட்டியக் காணோம். அந்தப் பக்கத்துக் கதவு ஆன்னு தொறந்து கெடக்குது. உள்ள மைக்குல என்னமோ... "பொண்ணுக்குத் தாய்மாமன் வேங்கடசாமி சீரோட வந்துட்டாருங்க"ன்னா சொல்றாங்க?

மாமா! ஏனுங்க மாமா! இது செல்லாதுங்க! நா வாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாலயே நீங்க எப்படி உள்ள போலாம்?