மாதாவுக்குச் சாத்திய வெள்ளித் தகடு

அவைக்குத் தலைமையேற்று, அன்று என் மகளின் உயிருக்கும் காவல் நின்ற மருத்துவர் கிளியோனிகி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பாதிரியார் அனஸ்தாசி அவர்களே! மூத்தோரே! மருத்துவமனை நாற்காலியிலேயே மாதக்கணக்கில் கண்ணயர்ந்த தாய்மாரே! நம் கிரேக்க நாட்டு வோலோஸ் துறைமுகத்து உறவுகளே! படகு எஞ்சின் பழுதுபார்க்கும் திராசிவூலோஸ் வணங்குகிறேன்.

புற்றுநோய்ப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெளிவூட்டிப் பேசச் சொன்னார்கள். தேடித் தேடிக் குழம்பியவனையா கூப்பிட்டீர்கள்?

என் மகள் மிர்சினிக்கு அப்போது நான்கு வயது. நியூரோபிளாஸ்டோமா. வயிற்றில் முளைத்து எலும்பு மஜ்ஜைவரை படர்ந்த நரம்புப் புற்று. மருந்து ஏற்றினார்கள், மயிர் உதிர்ந்தது. கட்டியை அறுத்தார்கள். அவளுடைய குருத்தணுக்களை எடுத்து வைத்து, கடும் மருந்து கொடுத்து, மீண்டும் அவளுக்கே செலுத்தினார்கள். கதிர்வீச்சும் முடிந்தது. ஸ்கேனில் ஒரு புள்ளி இல்லை!

வைத்தியம் பலித்தால் குழந்தை உருவம் பொறித்த வெள்ளித் தகடு சாத்துவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தோம். அன்றே சாத்தினோம். மறுநாள் இதோ இந்த அம்மையார், "மிச்சமிருக்கிற புற்றத் தேடி அழிக்க இன்னும் அஞ்சு சுற்று நோயெதிர்ப்பு மருந்து இருக்கு. வலிக்கும்" என்றார்.

"ஸ்கேன்தான் சுத்தமா இருக்கே டாக்டரம்மா! ஓடுற எஞ்சினை எவனாச்சும் பிரிப்பானா?"

"ஸ்கேன்ல தெரியாதது ஒளிஞ்சிருக்கலாம். திரும்பி வந்தா விரட்டுறது ரொம்பக் கஷ்டம்."

"மருந்து போட்டா வராதுல்ல?"

"வராம இருக்க வாய்ப்பு கூடும். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இது என்ன பதில்? இதை நம்பி எந்தத் தகப்பன் கையெழுத்திடுவான்? என் மனைவி ஸ்தமாத்தியா அழுதாள்: "முடிஞ்சிருச்சுன்னு மாதாகிட்ட நன்றி சொல்லிட்டோமேங்க. இப்ப இன்னும் மருந்துன்னா, அவங்கள நம்பலன்னுதானே அர்த்தம்?"

நேரே கோயிலுக்குப் போனேன். தகட்டைக் கழற்றினேன். பாதிரியார் பிடித்துவிட்டார்.

"என்னடா பண்றே?"

"நன்றியத் திருப்பி வாங்கிக்கிறேன் ஃபாதர்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "மருந்து சரியா தப்பான்னு எனக்கும் தெரியலடா. ஆனா நன்றி சொன்னா வைத்தியத்த நிறுத்தணும்னு எந்த மாதா சொன்னாங்க? மாட்டுடா அத!"

மாட்டினேன். கையெழுத்திட்டேன். முதல் சுற்றிலேயே, வலி தணிக்கும் மருந்து இறங்கிக்கொண்டிருந்தும் என் பிள்ளை வலியில் துடித்தாள். "அம்மா, அப்பாவ வெளிய போகச் சொல்லு" என்றாள். போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். நான் செய்தது அன்பா, கொடுமையா? அன்றும் தெரியவில்லை, ஐந்து சுற்றும் முடிந்து ஓராண்டு ஆன இன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை அடுத்த ஸ்கேன். அதுவும் என்ன சொல்லுமோ, தெரியவில்லை!

பின்வரிசைத் தாயே, என்னம்மா? மறுபடி கேட்டால் கையெழுத்திடுவேனா என்கிறீர்களா? இடுவேன். நாளைக் காலை இதே மருந்துக்குக் கையெழுத்திடுவது உங்கள் முறை என்று அறிவேன். தெளிந்த பிறகு இடலாம் என்று காத்திருக்காதீர்கள், நோய் காத்திருக்காது. குழப்பத்தோடே இடுங்கள். பிள்ளை உங்களையும் வெளியே போகச் சொன்னால் வாருங்கள் தாயே. அந்தக் கதவருகே நான் நிற்பேன்.

குழம்பியவனையும் கேட்டுப் பொறுத்த அவைக்கு என் நன்றி, வணக்கம்.