தண்ணீர் விடாத பால்கனி

கான்கிரீட் காய்வதில்லை சார், இறுகுகிறது. துணியைப் போல வெயிலில் காய்ந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வார்த்த பிறகுதான் அதற்குத் தாகம் அதிகம். ஈரச் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருந்தால் கல்லாகும். விட்டுவிட்டால் பார்வைக்குத்தான் கல். உள்ளே வலு இருக்காது.

என் பிழைப்பே அதைச் சோதிப்பதுதான். ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பேன். அக்கா வீட்டுக்காரருக்கு இது தீராத வேடிக்கை. நண்பர்கள் கூடிவிட்டால் போதும், "நம்ம மச்சான் கல்லைக் குளிப்பாட்டிச் சம்பளம் வாங்குறான்" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், நான் கோபக்காரன் அல்ல.

அத்தான் வீடு கட்டியபோது மேற்பார்வையை என்னிடம் விட்டார். மாடியில், அடியில் தூணே இல்லாமல் வெளியே நீளும் ஒரு பால்கனி. அதை வார்த்த மறுநாள் சாக்கோடு போனேன்.

"அட விடு மச்சான், இதுக்கும் குளியலா? வெயில்ல தானா காஞ்சிடும்."

கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்காரரே சொல்றார்ல, விட்டுடுங்க," என்றேன். பெரியவர்கள் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. பால்கனியை அடியில் தாங்கி நின்ற முட்டுகளையும் சீக்கிரமே பிரிக்கச் சொன்னேன். அது மட்டும் என் சொந்த யோசனை.

அதே கலவையில் எடுத்த சோதனைக் கட்டிகளைத் தொட்டியில் போட்டுக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். நசுக்கியபோது அருமையான வலு. அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை. கட்டிகள் பொய் சொல்லவில்லை சார். தங்களைப் பற்றி மட்டும் சொல்லின.

குடிபோன அன்று கேமராவோடு கீழே நின்றேன். மேலே அத்தானும், அந்தச் சிரிக்கிற கூட்டமும்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க அத்தான். எல்லாரும் விளிம்புக்கு வந்துடுங்க."

வந்தார்கள். அப்போதுதான் அவர் உள்ளே திரும்பி, "ஏய், நீயும் வா, உன் தம்பி படம் எடுக்கிறான்!" என்று அக்காவைக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அக்கா வந்து கூந்தலை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எதையும் மறுக்கவில்லை. அத்தனை பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவை நான் கூப்பிடவில்லை சார். அந்தச் சாவை அத்தான் பேரில் எழுதுங்கள்.