அவன் பங்கு அரிசி

ஏரல் துறையில் படகுக்குக் காத்திருந்தபோது கேட்டது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இருவர் இடுப்பிலும் வேதக்கோயிலுக்கான பிடியரிசிப் பானை. ஒவ்வொரு உலைக்கும் அளக்கும்போது ஒரு பிடி எடுத்துச் சேர்த்த அரிசி அது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் படித்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் முதலில் அளவைத்தான் பார்க்கிறேன். மூத்தவளுடையது அரைப்பானை. இளையவளுடையது விளிம்புவரை நிறைந்திருந்தது.

"ஏட்டி, ஜெபத்துக்கு வரமாட்டேங்குத. அரிசி மட்டும் பொங்கி வழியுதே?" என்றாள் மூத்தவள்.

"என்னத்த ஜெபிக்க மதினி? பேதியில புள்ள கெடந்தப்போ முழங்கால் தேயக் கேட்டேன். ஒரு பதிலும் இல்ல. இப்போ கண்ண மூடினா வெறும் இருட்டுதான்."

"பொறவு இம்புட்டு அரிசி எதுக்கு?"

"கை இன்னும் அவனுக்கும் சேத்துத்தான் அளக்கு. அளந்த பொறவுதான் அவன் இல்லங்கது ஞாபகம் வருது. திருப்பி அரிசிக் குலுக்கையில போட மனசு வரல. அவன் பங்கையும் இதுலயே போட்டுருதேன்."

"உபதேசியாரு உன் விசுவாசத்தப் பத்திச் சபையில சொல்லப்போறாராம்."

"ஐயோ, வேண்டாம்னு சொல்லுங்க."

படகு வந்தது. இளையவள் முந்தானையால் பானையை மூடிக்கொண்டு ஏறினாள்.

"அம்புட்டு வெறுத்துப்போச்சுன்னா விட்டுற வேண்டியதுதான?" என்றாள் மூத்தவள்.

"எப்படி விட? அவன் ஆண்டவருகிட்டதான் இருக்கான்னு எல்லாரும் சொல்லுதீய. அவரு எங்கிட்டப் பேசாட்டாப் போகட்டும். அவரையும் விட்டுட்டா, எம்புள்ள சோத்த நான் யாருகிட்டக் குடுத்துவிட?"